ஒரு மாடி மேல

— என் ஷூவை எங்க வச்ச?

— எந்த ஷூ?

— எனக்கு இருக்கறதே ஒரு ஜோடிதான். பஸ் ஓட்ட வர்றவன் வெறுங்காலோட வந்து நின்னா டிப்போவுல சிரிப்பாங்க.

— அடுத்த மாசம் போய்க்கலாம். அந்த டம்ளரை இப்படிக் குடுங்க, நான் கழுவிக்கறேன்.

— பார்த்தியா, டம்ளரைக்கூடக் கையில விடமாட்டேங்கற. மாரடைப்பு வந்தது எனக்கு. அது என்னை விட்டுப் போயிடுச்சு, உன்னைத்தான் விடல.

— பேசுவீங்க. மாடிப்படியில நீங்க சுருண்டு கிடந்ததைப் பார்த்தவ நான். உங்களுக்கு அது ஞாபகமே இல்ல.

— இல்லதான். அதுக்காக என்னை நாற்காலியிலயே உக்கார வச்சுக் கிழவனாக்கிடுவியா? டாக்டர் என்ன சொன்னாரு?

— நடக்கச் சொன்னாரு.

— அப்புறம்?

— வேலைக்கும் போகலாம்னாரு. அவருக்கென்ன, சொல்லிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவாரு.

— டிப்போ டாக்டரும் என்னை ஓட வச்சுப் பார்த்துட்டுத்தான் சரின்னாரு. இனிமே மறைச்சு என்ன ஆகப்போகுது. ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத.

— சொல்லுங்க.

— நீ லாண்டரி வேலைக்குக் கிளம்பினதும் நான் படி இறங்கி ஏறிக்கிட்டிருக்கேன். தினமும். மொத நாள் நாலு படிதான் இறங்கியிருப்பேன். நெஞ்சு அடிச்சுக்கிட்ட வேகத்துல, போச்சு, மறுபடி வந்துடுச்சுன்னுதான் நினைச்சேன். படியிலயே உக்காந்துட்டேன். கொஞ்ச நேரத்துல அடங்கிடுச்சு. அப்பதான் தெரிஞ்சுது, வந்தது நோவு இல்ல, பயம்னு. அதோட பேச்சுக் குடுத்துக்கிட்டேதான் மிச்சப் படியை இறங்கினேன்.

— தெரியும்.

— என்ன தெரியும்?

— "மெதுவா, மெதுவா, வளைவு வருது, கியரை மாத்து"ன்னு சொல்லிக்கிட்டே இறங்குனீங்க.

— அது உனக்கு எப்படி...

— வேலைக்குப் போற மாதிரி கதவைச் சாத்திட்டு மேல் மாடியில போய் நின்னுக்குவேன். நீங்க இறங்கினா, செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு ஒரு மாடி தள்ளிப் பின்னாலயே வருவேன். நீங்க திரும்பி ஏறினா, உங்களுக்கு முன்னாடியே மேல ஓடிடுவேன். லாண்டரியில தினமும் லேட்டுன்னு திட்டு வாங்கறேன்.

— நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தேனே, அன்னிக்குமா?

— அன்னிக்கும்தான். கத்திடக் கூடாதுன்னு கையைக் கடிச்சுக்கிட்டு நின்னேன். ஓடி வந்து தூக்கிவிட்டிருந்தா அப்புறம் நீங்க எழுந்திருக்கவே மாட்டீங்கன்னு தோணுச்சு. நீங்களா எழுந்தீங்க.

— அவ்வளவு நெஞ்சழுத்தம் இருக்கறவ, இன்னிக்கு ஏன் ஷூவை ஒளிச்சு வைக்கற?

— படியில உங்க பின்னாடி நான் இருந்தேன். பஸ்ல யாரு இருப்பா?

— பஸ் நிறைய ஜனம் இருக்கும். இங்க பாரு, எனக்குப் பயமே இல்லன்னு நினைக்காத. இருக்கு. அது முழுசாப் போகட்டும்னு உக்காந்திருந்தா நான் உக்காந்தேதான் இருக்கணும். அதையும் ஒரு ஓரமா ஏத்திக்கிட்டு ஓட்டிடுவேன்.

— பீரோ மேல, போர்வைக்கு அடியில இருக்கு. இருங்க, எடுத்துத் தர்றேன்.

— வேணாம், எனக்கே எட்டும். நீயும் வாயேன். மொத ட்ரிப்புக்கு என் பின் சீட்டுல உக்காந்துக்க. உனக்கும் நிம்மதி, எனக்கும் தெம்பு.

— வரல. நான் வந்தா கண்ணாடியில என் மூஞ்சியைத்தான் பார்த்துக்கிட்டிருப்பீங்க. ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க. நான் இன்னிக்கு நேரா வேலைக்குத்தான் போகப்போறேன்.