சொல்வதற்குக் கட்டணம் இல்லை

எனக்கு ஒரு ரசீது வேண்டும். இந்த வாக்குமூலத்தைப் பெற்றுக்கொண்டீர்கள் என்பதற்கு, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு. பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ஆனால் இதை மட்டும் யாரிடமும் கேட்கவே கூடாது என்று பதினேழு வயதில் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அதனால்தான் முதல் வரியிலேயே கேட்டுவைக்கிறேன்.

மேடம், நீங்கள் என்னை உங்கள் அலுவலகத்துக்குக் கூப்பிட்டது கட்டணத்தைப் பற்றி விசாரிக்க. செக்காலை ரோட்டில் நான் வேலை பார்க்கும் இ-சேவை மையத்தின் மேல் வேல்பாண்டி புகார் கொடுத்திருக்கிறார். மகள் பாண்டீஸ்வரியின் வருமானச் சான்றிதழுக்காக ஆறு முறை அறுபது ரூபாய் வாங்கினேன், சான்றிதழ் கடைசி வரை வரவில்லை என்கிறார். இரண்டும் உண்மை. ஆறு ரசீதின் நகலையும் எடுத்து வைத்தேன். நீங்கள் புரட்டிப் பார்த்தீர்கள். "கட்டணமெல்லாம் சரியாத்தானம்மா வாங்கியிருக்க. கேட்டதுக்கு மட்டும் நாலு வரி எழுதிக் குடு, முடிச்சுருவோம்" என்று வெள்ளைத்தாளை நீட்டிவிட்டு டீ குடிக்கப் போனீர்கள். நாலு வரியில் அடங்காது. வெளியே மழை தூறுகிறது, நீங்கள் வர நேரமாகும். எழுதுகிறேன்.

வேல்பாண்டியை எனக்கு எட்டு வருடமாகத் தெரியும். அவருக்குத்தான் என்னைத் தெரியாது.

என் அப்பா சோமு, மரவேலை ஆசாரி. எங்கள் வீட்டில் கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். அப்படிப்பட்டவர்களுக்கு முதல் பட்டதாரி சான்றிதழ் என்று ஒன்று உண்டு. அதைக் காட்டினால் இன்ஜினியரிங் கட்டணத்தில் சலுகை. வீட்டில் யாருமே படிக்கவில்லை என்பதை எழுத்தில் நிரூபிக்க வேண்டும். படிக்காதவர்கள் அதை எப்படி எழுதுவார்கள்? அதற்குத்தான் தாலுகா அலுவலக வாசலில் மேசை போட்டு வேல்பாண்டி உட்கார்ந்திருந்தார். மனு எழுத ஒரு தொகை. மனு உள்ளே நகர இன்னொரு தொகை. எங்களிடம் இரண்டாயிரம் கேட்டார்.

அன்று காலை பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே அப்பா சொல்லிவிட்டார். "அங்குட்டு வந்து வாயத் தொறக்காத. என்ன வேணாலும் கேளு, ரசீது மட்டும் கேட்டுறாத தாயி."

நான் கேட்டேன். "ரெண்டாயிரத்துக்கு ரசீது குடுப்பீகளா?"

வேல்பாண்டி பேனாவை மூடினார். கோபப்படவில்லை. சுற்றி நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏ ஆசாரி, ஒம் மக ரசீது கேக்குதப்பா. உண்டியல்ல காசு போட்டாலும் சாமிகிட்ட ரசீது கேப்பாளோ?"

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார், சிரிக்காவிட்டால் காரியம் கெட்டுவிடும் என்று. வேல்பாண்டி பணத்தை வாங்கவே இல்லை. நோட்டுகளை மடித்து அப்பாவின் சட்டைப் பையில் திருப்பி வைத்து, பையை இரண்டு தட்டு தட்டினார். "படிச்ச பிள்ளை. அதுவே முடிச்சுக்கிரும், போங்க."

சான்றிதழ் வந்தது. கலந்தாய்வு முடிந்து பத்தொன்பது நாள் கழித்து வந்தது. சலுகை இல்லாமல் அந்தக் கட்டணத்தைக் கட்ட எங்களால் முடியவில்லை. கிடைத்திருந்த சீட் போனது. நான் பி.எஸ்ஸி. கணிதம் சேர்ந்தேன். அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் பேச்சாவது இருந்திருக்கும். அதற்குப் பிறகு எங்களுக்குள் சாப்பாட்டைப் பற்றி மட்டும்தான் பேச்சு. அம்மா அதற்கு முன்பே இறந்துவிட்டாள். இப்போது அப்பா கோயம்புத்தூரில் தம்பியோடு இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். "சாப்ட்டியா?" "ம்." "சரி, வைக்கிறேன்."

படிக்கும்போது உதவித்தொகைக்காக வங்கியில் கணக்குத் தொடங்கினேன். இருப்பு குறைந்துவிட்டது என்று அபராதம் பிடித்தார்கள். கணக்கில் காசு இல்லை என்பதற்காக அந்தக் கணக்கிலிருந்தே காசு எடுத்தார்கள். எடுத்ததைச் சொல்ல ஒரு குறுஞ்செய்தி. அந்தக் குறுஞ்செய்திக்கும் ஒரு கட்டணம். பட்டம் வாங்கினேன், அது என் பட்டம்தான் என்று அதைக் கொடுத்த பல்கலைக்கழகமே சொல்வதற்கு இன்னொரு கட்டணம் கட்டினேன். இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. கட்டணம் சுவரில் எழுதி ஒட்டியிருக்கும், ஆசாரி மகளுக்கும் அதிகாரி மகளுக்கும் ஒன்றுதான். அதன் பக்கத்தில் நின்று சிரிக்கிறார்களே, அவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

ஆகவே நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ரசீது இல்லாமல் ஒரு ரூபாய் வாங்கியதில்லை. முதலாளியம்மா மீனலோசனியைக் கேளுங்கள். "இந்தப் பிள்ளை நல்ல பிள்ளைதான், ஆனா மூஞ்சியில ஈயாடாது" என்பார். அதுவும் உண்மை. என் மேசைக்கு முன்னால் கண்ணாடி, அதில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது பேர் வருவார்கள். நான் சொல்வது நாலு வார்த்தை. ஆதார் குடுங்க. ஓடிபி சொல்லுங்க. விரலை வைங்க. அறுபது ரூபாய். மதியம் கதவைச் சாத்திவிட்டுத் தனியாகச் சாப்பிடுவேன். ஆறு மணிக்கு என் அறைக்குப் போனால் மறுநாள் காலை ஆதார் கேட்கும் வரை வாயைத் திறக்க அவசியம் இருக்காது. சில காலைகளில் முதல் வார்த்தை கரகரவென்று வரும்.

போன ஆனியில் வேல்பாண்டி வந்தார். எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறிய பிறகு அவர் மேசைக்கு ஆள் குறைந்துவிட்டதாம். என்னை அடையாளம் தெரியவில்லை. நான் அந்த முகத்தை எட்டு வருடம் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறேன், அவருக்கு நான் யாரோ. கூட மகளைக் கூட்டி வந்திருந்தார். வாசலில் மூன்றே படி. அதை ஏறிவிட்டு அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எம் மக, பாண்டீஸ்வரி. நெஞ்சுல வால்வு கோளாறு. மதுரையில ஆபரேசன் பண்ணணும்ங்கிறாக. காப்பீட்டு அட்டை இருந்தா காசு கிடையாதாம், இல்லாட்டி மூணரை லட்சமாம். அட்டைக்கு வருமானச் சான்றிதழ் வேணுமாம் தாயி. பாத்துப் போட்டு விடுங்க."

அறுபது ரூபாயோடு ஒரு இருநூறு ரூபாய் நோட்டையும் ஓட்டைக்குள் தள்ளினார். "டீ செலவுக்கு வச்சுக்கங்க."

நோட்டைத் திருப்பித் தள்ளிவிட்டு ரசீதை அச்சடித்துக் கொடுத்தேன். "இதெல்லாம் எதுக்குத் தாயி" என்று சிரித்துக்கொண்டே மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

இப்போது நீங்கள் கேட்காததைச் சொல்கிறேன். அந்த மனுவில் என்ன தப்பு என்று எனக்கு அன்றே தெரியும்.

ஆதாரில் அவள் பாண்டீஸ்வரி சி. அந்த 'சி' சிவபிரகாஷ், கல்யாணம் ஆகி ஒன்றரை வருடத்தில் அவளைத் திருப்பி அனுப்பியவன். குடும்ப அட்டையில் பாண்டீஸ்வரி வே. அப்பா வீட்டுக்கு வந்து வருடம் இரண்டாகியும் ஆதாரில் மட்டும் புருஷனோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தாள். இன்ஷியல் இரண்டாக இருந்தால் மனு நிற்காது, உறுதியாகத் திரும்பி வரும். பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்த பெண்கள் எல்லாருக்கும் இந்தத் தகராறு உண்டு. வாரத்துக்கு இரண்டு பேரைப் பார்க்கிறேன். முதலில் இன்ஷியலை மாற்று, ஒரு வாரம் ஆகும், பிறகு வா என்று சொல்லி அனுப்புவேன். சொல்வதற்குக் கட்டணம் இல்லை. எங்கள் சுவரில் ஒட்டியிருக்கும் பட்டியலில் அப்படி ஒரு வரியே கிடையாது. யாராவது கேட்டால் சொல்லலாம், கேட்காவிட்டால் சொல்லாமலும் இருக்கலாம்.

அவர்கள் கேட்கவில்லை. நான் விண்ணப்பித்தேன்.

பன்னிரண்டு நாளில் நிராகரிப்பு வந்தது. 'ஆவணங்களில் முரண்பாடு' என்று மட்டும் இருக்கும், என்ன முரண்பாடு என்று இருக்காது. வேல்பாண்டியிடம் போட்டோ மங்கல் என்றேன். போட்டோ மங்கல்தான். நான் பொய் சொல்லவில்லை. அடுத்த முறை கதவு எண் பழையது என்றேன். அதுவும் உண்மை. ஒவ்வொரு முறையும் ஒரு உண்மையைக் கொடுத்தேன், அறுபது ரூபாய்க்கு ஒன்று. மூன்றாவது முறை அவர் கண்ணாடிக்கு முன்னால் கைகட்டி நின்றார். "எதுனாச்சும் தப்பாப் பேசியிருந்தா மனசுல வச்சுக்காதீக தாயி" என்றார். எதற்கு என்று தெரியாமலே மன்னிப்புக் கேட்டார். எட்டு வருடமாக நான் எதிர்பார்த்த காட்சி அது. பார்த்தேன். அவ்வளவுதானா என்றிருந்தது. இன்ஷியலைச் சொல்லி அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன். வாய் வரை வந்தது.

அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை பாண்டீஸ்வரி தனியாக வந்தாள். செவ்வாய்தோறும் ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுப்பார்கள், வாங்கிக்கொண்டு அப்படியே வந்தாளாம். மூச்சு வாங்கியது. நிற்க வைக்க முடியாது என்று பக்கக் கதவைத் திறந்து உள்ளே என் பக்கத்தில் ஸ்டூல் போட்டேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அதுவரை யாரும் வந்ததில்லை.

"என்னக்கா, ஒங்க கம்ப்யூட்டருக்கு எம் மூஞ்சி பிடிக்கலையோ?"

"ஆவணத்தில் முரண்பாடு" என்றேன்.

"எம் புருசனுக்கே பிடிக்கல. அதுக்கு எங்க பிடிக்கப் போகுது." அவளே சிரித்தாள், சிரித்ததில் இருமல் வந்தது. நான் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "என்னக்கா ஒண்ணுமே பேச மாட்டீகளா? பேச்சுக்கும் அறுவது ரூவாயா?"

நான் சிரித்தேன். முதலாளியம்மா உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னைக்கு இலவசம்" என்றேன்.

"அப்பச் சரி, சாப்ட்டீகளா? என்ன கொழம்பு?"

அன்று சேர்ந்து சாப்பிட்டோம். எனக்கு இருபத்தைந்து வயது, அவளுக்கு இருபத்துநாலு. என் தலைமுடி எண்ணெய் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று என்று அவள்தான் கேட்டாள். தட்டச்சு செய்யும்போது நான் உதட்டைக் கடிப்பதைக் கண்டுபிடித்ததும் அவள்தான். கிளம்பும்போது எப்போது வரட்டும் என்றாள். சுய உறுதிமொழியில் கையெழுத்து சரியில்லை, அடுத்த செவ்வாய் வா என்றேன்.

கையெழுத்து சரியில்லைதான்.

ஐந்தாவது முறை நிராகரிப்பு வந்தபோது ஆவணி பிறந்துவிட்டது. அவள் கணுக்கால் வீங்கியிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, தன் வீட்டுப் புளிச்சோற்றை என் டப்பாவில் பாதி தள்ளிக்கொண்டே சொன்னாள். "ஒரு மாசத்துக்குள்ள பண்ணிறணும்னு டாக்டரு சொல்லிட்டாருக்கா. எங்கப்பா பயந்து சாகுறாரு. எனக்கு ஒண்ணும் பயமில்ல, நீங்கதான் இருக்கீகள்ல."

அன்று சொல்லியிருக்கலாம். இன்ஷியல் என்று ஒரு வார்த்தை. ஒரு வாரத்தில் மாறியிருக்கும், சான்றிதழ் வந்திருக்கும், அட்டை வந்திருக்கும், அவள் மதுரைக்குப் போயிருப்பாள். மதுரைக்குப் போனால் மாதக்கணக்கில் அங்கேயே சிகிச்சை. திரும்பி வந்தாலும் நல்ல உடம்புக்காரிக்கு இ-சேவை மையத்தில் என்ன வேலை? இதையெல்லாம் அந்த ஸ்டூலின் பக்கத்தில் உட்கார்ந்து, சோற்றை மென்றுகொண்டே யோசித்தேன். அவசரப்படவில்லை. பிறகு முகவரிச் சான்று நகல் தெளிவாக இல்லை என்றேன். அறுபது ரூபாய் வாங்கி ஆறாவது ரசீதைக் கொடுத்தேன். ரசீதை அவள் விசிறியாக மடித்து எனக்கு வீசிவிட்டாள்.

அடுத்த செவ்வாய் அவள் வரவில்லை. அதற்கடுத்த செவ்வாயும். நான் இரண்டு நாளும் ஸ்டூலைத் துடைத்து வைத்திருந்தேன்.

பிறகு வேல்பாண்டி வந்தார். சட்டைப் பையில் பேனா இல்லை. "தாயி, அந்த மனுவ இனிப் பாக்க வேணாம்" என்றார். இறப்பு பதிவாகியிருந்தது, சான்றிதழை எடுத்துத் தர வேண்டும் என்று பதிவு எண்ணை நீட்டினார். எடுத்தேன். வே. பாண்டீஸ்வரி என்று இருந்தது. இன்ஷியல் சரியாக இருந்தது. அதை யாரும் திருப்பி அனுப்பவில்லை. அச்சடிக்கப் பத்து ரூபாய். வாங்கினேன்.

அவர் எழுதிய புகாரை நீங்கள் காட்டினீர்கள். அழகான கையெழுத்து. முந்நூற்று அறுபது ரூபாயைத் திருப்பித் தர வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அவருக்கு இன்ஷியல் விஷயம் இன்று வரை தெரியாது. உங்களுக்கும் தெரியாது. விதிப்படி நான் செய்தது எதிலும் தப்பில்லை, நீங்களே சொன்னீர்கள். ஆனால் வே. பாண்டீஸ்வரியைக் கொன்றது நான். தெரிந்து, நிதானமாக, மூன்று மாதம் எடுத்துக்கொண்டு.

ஏன் என்று நீங்கள் கேட்டால் சொல்வேன், வேல்பாண்டிக்காக என்று. அவர்தான் மூன்றாவது முறையே கைகட்டி நின்றுவிட்டாரே, மீதி மூன்று எதற்கு என்பீர்கள். அதுவும் அவருக்காகத்தான். அவர் வராத செவ்வாய்க்கிழமைகளிலும் அவருக்காகத்தான்.

நீங்கள் இன்னும் வரவில்லை. கையெழுத்துப் போட்டு, தாள்கள் பறக்காமல் மேலே உங்கள் மேசை ஸ்டேப்ளரை வைத்திருக்கிறேன். மழை விட்டுவிட்டது. நான் கிளம்புகிறேன். கோவிலூர் போகிற வழியில் வேல்பாண்டி வீடு. நடந்தே போய்விடலாம். இன்ஷியல் விஷயத்தை அவரிடம் என் வாயால் சொல்லப் போகிறேன். இது இங்கே வந்து எடுத்த முடிவு இல்லை, காலையில் தலை சீவும்போதே எடுத்தாயிற்று. அடிப்பார். தெருக் கூடும். போலீசைக் கூப்பிடுவார்கள், கூப்பிடட்டும். மனைவியும் இல்லாமல், மகளும் இல்லாமல், பேச ஆளற்று உட்கார்ந்திருக்கிறார் மனுஷர். அவருக்காகத்தான் போகிறேன். அவர் திட்டி முடிக்கும் வரை எதிரே உட்கார்ந்து கேட்பேன். எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை. எனக்கு வேறு எங்கும் போக வேண்டியதில்லை.