நாற்பது நிமிட தூரம்

பஞ்சர் ஒட்டும்போது எல்லோரும் செய்கிற தவறு அவசரம்தான். பதறாத காரியம் சிதறாது. என் பஞ்சர் கிட்டை உங்கள் மேஜைமேல் வைத்திருக்கிறீர்கள், கான்ஸ்டபிள் நெரிடா, திறந்து பாருங்கள். சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். பிடி வைத்த முறுக்குக் கம்பி ஒன்று, காது வைத்த ஊசி ஒன்று, பிசுபிசுவென்று பழுப்பு நிறத்தில் ரப்பர் திரிகள், ஓர் இடுக்கி, ஒரு சின்னக் கத்தி. டயரில் குத்தியிருப்பதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அந்த ஓட்டைக்குள் முறுக்குக் கம்பியை விட்டு நன்றாக அராவ வேண்டும். ஓட்டையைப் பெரிதாக்கினால்தான் அதை அடைக்க முடியும் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்புவதே இல்லை. பிறகு திரியை ஊசியில் கோத்து, ஒரு விரற்கடை வெளியே நிற்கும்வரை அழுத்தி, ஊசியை மட்டும் வெடுக்கென்று உருவ வேண்டும். மீதியை நறுக்கிக் காற்றடித்து, எச்சிலைத் தொட்டு வைத்துப் பார்க்க வேண்டும். குமிழி வராவிட்டால் வேலை முடிந்தது. எனக்கு ஏழு நிமிடம்.

பதிவுக்காகப் பெயரைச் சொல்லச் சொன்னீர்கள். கிளைவ் பென்ஹேல், வயது அறுபத்து மூன்று. கிப்பர் சாலையில் இருபத்தாறு வருடம் கிரேடர் ஓட்டினேன். மண் சாலை அலை அலையாகக் கெட்டுப்போகும்போது அதைச் சீவிச் சமன் செய்கிற வண்டி அது. நான்கு வருடங்களுக்கு முன் அந்த வேலையை வேறொரு கம்பெனிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, எனக்கு ஒரு கைக்கடிகாரம் கொடுத்தார்கள். கடிகாரத்தைக் குறை சொல்ல முடியாது. நிமிடம் தவறியதில்லை.

அந்த வருடம் ஜூலையில் ஒரு குடும்பம் கேரவனோடு சாலையில் நின்றிருந்தது. நிஜமான பஞ்சர், துருப்பிடித்த ஆணி. அந்த மனுஷனுக்கு ஜாக்கி எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியவில்லை. ஒட்டிக் கொடுத்தேன். அவன் மனைவி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள். சின்னப் பெண் ஒரு காகிதத்தில் என்னையும் டயரையும் வரைந்து கொடுத்தாள், டயர்தான் பெரிது. அன்று வீட்டுக்குப் போய் ஆட்டுக்கறி வேகவைத்துத் தட்டில் போட்டுச் சாப்பிட்டேன். அதற்கு முன் பல மாதங்களாக டின்னைத் திறந்து நின்றபடியே தின்றுகொண்டிருந்தவன் நான்.

அந்த ஆணியைக் காட்டிக் கதையை லோர்னாவிடம் சொன்னேன். லோர்னா டக்கெட்டையும் அவள் புருஷன் மெர்வையும் உங்களுக்குத் தெரியும். கிப்பர் சாலையில் முந்நூறு கிலோமீட்டருக்கு இருக்கிற ஒரே பெட்ரோல் பங்க், ஒரே கடை, மாவுக்குள் கறி வைத்துச் சுட்ட ஒரே சூடான பை அவர்களுடையது. லோர்னா கல்லாவுக்குப் பின்னால் ஒரு பலகையை மாட்டினாள்.

"டயர்ல குத்துனது எதுவா இருந்தாலும் இங்க கொண்டாந்து மாட்டு. பேரு, தேதி எழுதி மாட்டு. போறவன் வர்றவன் பாக்கட்டும்," என்றாள்.

அப்படித்தான் அந்த வழக்கம் வந்தது. நான் பிடுங்கியதை அந்த வண்டிக்காரர்களே கொண்டுபோய் மாட்டிவிட்டு, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். நான் கடைக்குள் நுழைந்தால் லோர்னா சத்தமாகச் சொல்வாள்: "வந்துட்டாருய்யா, ரோட்டுக்கு வாக்கப்பட்ட மகராசன். எழுந்து எடம் குடுங்க." எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குச் சந்தோஷமாக இருக்கும். மறைப்பதற்கு என்ன இருக்கிறது, அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்கு முன் கிடைத்ததில்லை.

பிறகு ஆறு வாரம் ஒருவருக்கும் பஞ்சர் ஆகவில்லை.

திருகாணிகளைப் போட்டது நான்தான். இதை இழுக்க வேண்டியதில்லை. என் கொட்டகைக் கூரைக்கு வாங்கியது போக ஒரு பெட்டி மிச்சம் இருந்தது. தலையில் பச்சைப் பெயின்ட் அடித்த சாதாரணக் கூரைத் திருகாணி. ஈமு பள்ளத்தில் எல்லா வண்டியும் ஒரே தடத்தில்தான் இறங்கியாக வேண்டும். அங்கே மண்ணுக்குள் நிற்க வைப்பேன். மூன்றுக்கு மேல் போட்டதில்லை. வளைவில் போட்டதில்லை, வண்டி கவிழ்ந்துவிடும். மோட்டார் சைக்கிள் வருகிற நாளில் போட்டதில்லை. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை கோடைக்காலத்தில் போடுவதில்லை என்றும் ஒரு விதி வைத்திருந்தேன். என் வண்டியில் எப்போதும் நாற்பது லிட்டர் தண்ணீர் இருக்கும். நான்கு வருடத்தில் ஒருவருக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை.

பள்ளத்துக்கு மேற்கே ஒரு மணல்மேடு இருக்கிறது. அதன்மேல் மடக்கு நாற்காலி, தூரப்பார்வைக் கண்ணாடி, கை ரேடியோ, பிளாஸ்கில் தேநீர். எப்போது போய் நிற்பது என்பதுதான் முக்கியம். பத்து நிமிடத்தில் போனால் நன்றி இருக்காது, 'நானே பார்த்துக்கொள்வேன்' என்பான். இருபதாவது நிமிடத்தில் புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டிருப்பார்கள், அப்போது வெளியாள் போய் நிற்பது மரியாதை இல்லை. முப்பத்தைந்தாவது நிமிடத்தில் இருவரும் அடங்கி, பிள்ளைகளை நிழலில் உட்கார வைத்துவிட்டு, சாலையின் இரண்டு பக்கமும் பார்க்கத் தொடங்குவார்கள். அப்போது நான் மேட்டுக்குப் பின்னால் மறைத்து நிறுத்திய வண்டியை எடுத்துச் சுற்றி, வடக்கே என் வீட்டிலிருந்து வருகிறவன்போல வருவேன். அந்த முகங்களை நீங்கள் பார்த்ததில்லை. தேவாலயத்தில்கூட நான் பார்த்ததில்லை.

உள்ளூர்க்காரர்களுக்கும் அது பழகிவிட்டது. இந்தச் சாலையில் கிட் இல்லாமல், இரண்டு உபரி டயர் இல்லாமல் ஒருவனும் கிளம்பியதில்லை, என் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். கொஞ்சம் கொஞ்சமாக அதை விட்டுவிட்டார்கள். மெர்வ் தன் கிட்டை ஒரு வெளியூர்ப் பையனுக்குத் தூக்கிக் கொடுத்தான்.

"கிளைவ் இருக்கான். கிட் எதுக்கு?" என்றான், என் முன்னாலேயே.

நான் மறுத்திருக்கலாம். ஆனால் அப்படி ஒரு வார்த்தையை ஒருவன் சொல்லும்போது மறுக்க யாருக்கு மனம் வரும்? மெர்வின் இரண்டு உபரி டயர்களும் சனிக்கிழமையிலிருந்து என் கொட்டகையில்தான் இருந்தன. ஒட்டி முடித்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்றிருந்தேன், லோர்னா செவ்வாய்க்கிழமைதான் பை சுடுவாள்.

திங்கட்கிழமை, பிப்ரவரி. கோடை விதியை மீறினேன், ஒப்புக்கொள்கிறேன். ஐந்து வாரமாகச் சாலையில் ஈ காக்கை இல்லை. நில அளவைக்காரர்கள் இரண்டு வண்டியில் வருவதாகக் கேள்விப்பட்டேன். காலையிலேயே இரண்டு திருகாணி வைத்தேன். அவர்கள் வரவில்லை.

பத்து நாற்பதுக்குத் தெற்கிலிருந்து புழுதி தெரிந்தது. மெர்வின் வண்டி. அறுபதுக்கு மேல் ஓட்டாத மனுஷன் நூறில் வந்தான். பள்ளத்தில் இறங்கி, ஆடி, நின்றது. இறங்கி டயரைப் பார்த்தான். பிறகு ஹாரனை மூன்று முறை நீளமாக அடித்தான். இந்தப் பக்கத்தில் மூன்று நீள ஹாரன் என்றால் உயிர் ஆபத்து. பிறகு வண்டி ரேடியோவில் என்னைக் கூப்பிட்டான்.

பங்க் கொட்டகைக்குப் பின்னால் தண்ணீர்க் குழாயைத் திறக்கப் போன லோர்னாவைப் பழுப்புப் பாம்பு கடித்திருந்தது. மெர்வ் அவள் காலை இறுக்கிக் கட்டி, வண்டியின் பின்னால் மெத்தை போட்டுப் படுக்க வைத்திருந்தான். முந்தின வார மழையில் பங்கின் விமான ஓடுபாதை, தாழ்வான களிமண், இன்னும் சேறாகவே கிடந்தது. அதனால் விமானத்தில் வருகிற டாக்டர் வடக்கே நார்த்கோட் பண்ணையில் இறங்கிக் காத்திருந்தார். பள்ளத்திலிருந்து பண்ணைக்கு இருபத்தைந்து நிமிடம்.

மெர்வ் கூப்பிட்டதிலிருந்து முப்பத்தெட்டாவது நிமிடத்தில் நான் அங்கே இருந்தேன்.

மெர்வ் என்னைக் கட்டிப்பிடித்தான். "பறந்துல்ல வந்துருக்கே," என்றான். "வா, ஒன் வண்டிக்கு மாத்திரலாம். நீ தலைப்பக்கம் புடி."

"அசைக்காத மெர்வ். பாம்பு கடிச்சவங்கள அசைக்கக் கூடாது. விஷம் ஏறிரும்," என்றேன். "ஏழு நிமிஷம். இதோ ஒட்டிடறேன்."

நான் சொன்னது சரிதான். எந்த முதலுதவிப் புத்தகத்திலும் பாருங்கள், அசைக்கக் கூடாது என்றுதான் இருக்கும்.

லோர்னா முழு நினைவோடுதான் இருந்தாள். கண் இமை மட்டும் பாதி தொங்கியிருந்தது. நான் முறுக்குக் கம்பியை விட்டு அராவிக்கொண்டிருந்தபோது உள்ளிருந்து அவள் குரல் குழறிக் கேட்டது.

"வந்துட்டானா? நான் சொன்னேன்ல மெர்வ்... பயப்படாத. கிளைவ் வந்துருவான்னு."

திரி நேராக இறங்கியது. குமிழி வரவில்லை. நான்கு வருடத்தில் அதுதான் நான் செய்த மிகச் சுத்தமான வேலை. ஆனால் பண்ணை வாசலுக்கு ஐந்து கிலோமீட்டர் இருக்கும்போதே அவள் மூச்சு நின்றுவிட்டது. டாக்டர் மெர்விடம் சொன்னார், ஓர் அரை மணி நேரம் முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று. அதை அவர் சொல்லியிருக்க வேண்டாம். மெர்வுக்கு எவ்வளவு வேதனையாக இருக்கும்.

அடக்கம் முடிந்து எல்லோரும் கடைக்கு வந்தோம். மெர்வ் அந்தத் திருகாணியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, லோர்னாவின் பெயரையும் தேதியையும் எழுதிப் பலகையில் மாட்டினான். அவள் இருந்திருந்தால் அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பாள். எல்லோரும் தலையைக் குனிந்து நின்றார்கள். நீங்கள் ஒருவர்தான் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள், கையில் பை ஆறிக்கொண்டிருந்தது. மேலிருந்து கீழே ஒவ்வொன்றாக விரல் வைத்துப் போனீர்கள். முதல் ஆணியைத் தவிர மற்ற முப்பத்தொன்பதுக்கும் பச்சைத் தலை. நான்கு வருடமாக இந்த ஊரே அதைப் பார்த்துக்கொண்டு பை தின்றது. யார் கேட்டார்கள்? பழகிய கண்ணுக்கு எதுவும் தெரியாது.

நீங்கள் காலையிலிருந்து ஒரே கேள்வியைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்கிறீர்கள். மெர்வ் ரேடியோவில் கூப்பிட்டபோது நான் எங்கே இருந்தேன் என்று.

மணல்மேட்டின்மேல், என் நாற்காலியில். அவர்களிடமிருந்து அறுநூறு மீட்டர் இருக்கும். கீழே இறங்கியிருந்தால் மூன்று நிமிடம்.

மெர்வின் குரல் ரேடியோவில் கேட்கிறது, அவன் வாய் அசைவது கண்ணாடியில் தெரிகிறது. "கிளைவ், லோர்னாவப் பாம்பு கடிச்சிருச்சு. ஈமு பள்ளத்துல டயர் போச்சு. எங்கப்பா இருக்கே?"

"வீட்டுல இருக்கேன். கெளம்பிட்டேன்," என்றேன். வீட்டிலிருந்து அங்கே நாற்பது நிமிடம். மூன்று நிமிடத்தில் போய் நின்றால் அவன் என்ன நினைப்பான்? அந்த வெட்ட வெளியில் எனக்கு என்ன வேலை என்று கேட்பான். அதற்குப் பிறகு ஒருவர்கூட என்னை நம்ப மாட்டார்கள். அந்தச் சாலைக்கு வேறு யார் இருக்கிறார்கள்? அதையும் யோசிக்க வேண்டும் அல்லவா. இருந்தும் முப்பத்தெட்டாவது நிமிடத்தில் போனேன். இரண்டு நிமிடத்தை நானாகக் குறைத்தேன். அதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மெர்வ் எப்படியும் சொல்லுவான், நானே சொல்லிவிடுகிறேன். அவன் ரேடியோவை வைப்பதற்கு முன் கேட்டான்: "பண்ணைக்காரங்களையும் கூப்பிடட்டுமா? அவங்க இருபத்தஞ்சு நிமிஷத்துல வந்துருவாங்களே."

"எதுக்கு?" என்றேன். "நான்தான் வர்றேனே."

அவன் கூப்பிடவில்லை. வண்டிக்குள் ஏறி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டான். நான் கடிகாரத்தைக் கழற்றி முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, தேநீரை மூடிவைத்துவிட்டேன். அந்த நேரத்தில் குடிப்பது சரியாகப் படவில்லை.

பண்ணைக்காரர்கள் வந்திருந்தால் அவளை அலுங்கக் குலுங்கத் தூக்கி வேறு வண்டியில் போட்டிருப்பார்கள். டயர் அப்படியே பள்ளத்தில் கிடந்திருக்கும். போய்ப் பாருங்கள், மெர்வின் வண்டி கடைக்குப் பின்னால்தான் நிற்கிறது. ஆறு வாரமாயிற்று, நான் ஒட்டிய அந்த டயரில் இன்றைக்கும் ஒரு பொட்டுக் காற்று இறங்கவில்லை.