தேட வைப்பது எப்படி

சிறு வியாபாரிகள் செய்கிற முதல் தவறு, இணையதளம் தொடங்கிவிட்டாலே கடை திறந்த மாதிரி என்று நினைத்துக்கொள்வது. கடை என்றால் மழைக்கு ஒதுங்குகிறவனாவது உள்ளே வருவான். இணையதளத்துக்கு மழை கிடையாது. வணிகர் சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது கை தட்டினார்கள், மேடம். நீங்கள் தட்டவில்லை. பரவாயில்லை, உங்கள் போலீஸ் வேலை வேறு.

என் மாமனார் எங்கே என்று மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். சொல்லத்தான் போகிறேன். எடுத்த எடுப்பில் இடத்தை மட்டும் சொன்னால் என்னைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள். எதையும் முதலிலிருந்து சொல்லிப் பழகியவன் நான்.

என் கார்டில் ‘இணைய வளர்ச்சி ஆலோசகர்’ என்று இருக்கும். அதற்கு முன்னால் செல்போன் உறை விற்றுக்கொண்டிருந்தேன்; அதைக் கார்டில் போடுவதில்லை. பைசா செலவில்லாமல் ஒரு கடையின் இணையதளத்தை ஊரறியச் செய்வது எப்படி என்பதுதான் என் பாடம். நல்ல பாடம். அதில் ஒரே ஒரு குறை, அதை நான் யாருக்கும் செய்து காட்டியதில்லை. கடைசியில் மனைவியின் அண்ணன், மெத்தைக்கடை வைத்திருக்கிறவர், “நம்ம கடைக்கே செஞ்சு காட்டுங்க மாப்ள” என்று மாட்டிவிட்டார்.

செய்தேன். பில்லிலும் பையிலும் முகவரி அச்சடித்தோம். இணையத்தின் இலவச வரைபடத்தில் கடையைக் குறித்தோம். வாங்கிப்போனவர்களை இரண்டு வரி பாராட்டி எழுதச் சொன்னோம். ஒருவர் மட்டும் ‘மெத்தை மெத்தென்று இருக்கிறது’ என்று எழுதினார், அவரும் மச்சானுடைய சகலை. முதுகுவலியைப் பற்றி முப்பத்திரண்டு கட்டுரைகள் எழுதினேன். ஒரே ஒரு வாசகர் கடிதம் வந்தது. இருபதாவது கட்டுரையில் ஒற்றுப்பிழை இருக்கிறதாம்.

மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்தால் பதினோரு வருகை. ஒன்பது மச்சான், ஒன்று நான். அந்தப் பதினோராவது ஆள் யார் என்று மச்சான் ஒரு வாரம் யோசித்துக்கொண்டிருந்தார்.

“ஊரே வரும்னீங்களே மாப்ள. ஈ காக்கா கூட வரலையே?”

“வரும் மச்சான். பொறுங்க.”

“பழுக்கட்டும்னு பொறுக்கறதுக்கு நான் என்ன பழக்கடையா வெச்சிருக்கேன்? மெத்தைக்கடை. பொறுத்துப் பொறுத்துத் தூக்கம்தான் வருது.”

கடைப் பையன்கள் சிரித்தார்கள். அப்படிச் சிரிக்கும்போது எனக்குக் காதுக்குப் பின்னால் ஒரு குளிர் வரும். பயம் என்றுதான் சொல்ல வேண்டும். இந்த ஊரில் இன்னும் மூன்று கடைக்காரர்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இங்கே கவிழ்ந்தால் நான் மறுபடி செல்போன் உறை.

அந்தச் சமயத்தில்தான் மருந்துக்கடை அம்மாவின் பழுப்பு நாய் காணாமல் போனது. அழுதுகொண்டே வந்தார். பாவமாக இருந்தது. உடனே ஒரு ‘காணவில்லை’ அறிவிப்புத் தயாரித்துக் கொடுத்தேன், இலவசமாக. தகவல் தெரிவிக்க ஒரு இடம் வேண்டுமே, அதனால் கீழே சிறிய எழுத்தில் மெத்தைக்கடை இணையதளத்தின் முகவரியைப் போட்டேன். சாயங்காலத்துக்குள் நானூறு பேர் வந்துவிட்டார்கள்.

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, மேடம். விளம்பரத்தை ஜனங்கள் கிழிப்பார்கள். ‘காணவில்லை’யைக் கிழிக்க மாட்டார்கள். கிழிக்காதது மட்டுமில்லை, அவர்களே பத்துப் பேருக்கு அனுப்புவார்கள், அனுப்பிவிட்டுப் புண்ணியம் செய்துவிட்ட மாதிரி நிம்மதியாகச் சாப்பிடப் போவார்கள். யாரும் மெத்தையைத் தேடுவதில்லை. தொலைந்ததைத்தான் தேடுகிறார்கள்.

மறுநாள் நாய் தானாகவே வீட்டுக்கு வந்துவிட்டது. நாய் வந்தது, கூட்டம் போனது. மறுபடி பதினொன்று.

அடுத்த வாரம் அதே நாய் மறுபடியும் காணாமல் போனது. இந்த முறை அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கடைக்கு மேலே மாடியில் ஸ்பாஞ்சு அடுக்கும் அறை ஒன்று இருக்கிறது. சுவர் முழுக்க, கூரை வரைக்கும் ஸ்பாஞ்சு. நான்கு நாள் நாய் குரைத்தது. கீழே கல்லாவில் உட்கார்ந்திருந்த எனக்கே கேட்கவில்லை. தண்ணீர், பிஸ்கட் எல்லாம் ஒழுங்காக வைத்தேன். அது வீட்டுக்குப் போனபோது கொஞ்சம் இளைத்திருந்தது, அவ்வளவுதான். மருந்துக்கடை அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்.

நீங்கள் எழுந்துவிட்டீர்கள். வண்டி எடுக்கச் சொல்கிறீர்கள். நல்லது. ஆமாம், அந்த அறைதான். சாவி என் சட்டைப்பையில் இருக்கிறது, இந்தாருங்கள். முன்னாலேயே சாவியைக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். உங்கள் ஆட்கள் போய்ச்சேர இருபது நிமிடமாவது ஆகும். அதற்குள் மீதியைச் சொல்லிவிடுகிறேன்.

மாமனார் பேருந்தில் கண்டக்டராக இருந்தவர். ஐந்து வருடமாக ஞாபகம் தப்பிவிட்டது. என்னைப் பார்த்தால் சில சமயம் செக்கிங் இன்ஸ்பெக்டர் என்று நினைத்து எழுந்து நிற்பார். மாதத்துக்கு இரண்டு முறை வீட்டைவிட்டுக் கிளம்பிப் போய்விடுவார்; யாராவது கொண்டுவந்து விடுவார்கள். அன்றைக்கும் கதவு திறந்திருந்தது, கிளம்பிவிட்டார். பத்தே நிமிடத்தில் நான் அவரைப் பிடித்துவிட்டேன். நிறுத்தத்தில் நின்றுகொண்டு, பள்ளிக்கூடம் போகிற பெண்களிடம் “உள்ள போம்மா, உள்ள போ, நடுவுல எடம் இருக்கு” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும், “எங்க போகணும்?” என்றார்.

“மேல போகணும் மாமா.”

“மேலயா? அந்த ரூட்டுக்கு நான் டிக்கெட் குடுக்கறதில்லப்பா.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார். ஞாபகம் போனாலும் குறும்பு போகவில்லை. என் விரலைப் பிடித்துக்கொண்டுதான் மாடிப்படி ஏறினார். யாரும் யாரையும் இழுக்கவில்லை.

ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

அறிவிப்பில் எந்தப் படத்தைச் சேர்ப்பது என்று அன்று மத்தியானம் வீட்டில் பேச்சு வந்தது. எங்கள் கல்யாணத்தில் எடுத்த படத்தை நான் வெட்டி வைத்திருந்தேன். மனைவி அதைக் கையால் மறைத்தாள்.

“இது வேணாங்க. இதுல அப்பா சிரிச்சுக்கிட்டு, கன்னமெல்லாம் இருக்கு. இப்ப எங்க இப்படி இருக்காரு? யாருக்கு அடையாளம் தெரியும்?”

“சிரிக்கற முகத்தத்தான் நாலு பேருக்கு அனுப்புவாங்க.”

“அனுப்பறதுக்கா போடறோம்? கண்டுபிடிக்கறதுக்குதானேங்க?”

அவளுக்குத் தொழில் தெரியாது. நான் சிரிக்கிற படத்தையே போட்டேன்.

முதல் நாள் ஆறாயிரம் பேர். மூன்றாம் நாள் நாற்பதாயிரம். கடை வாசல்தான் தேடுகிறவர்கள் கூடும் இடம் ஆகிவிட்டது. மச்சான் டீ வாங்கிக் கொடுத்தார். தெருத்தெருவாக அலைந்து களைத்தவர்கள் கடைக்குள் வந்து மெத்தையில் கொஞ்சம் சாய்ந்துகொண்டார்கள். படுத்துப் பார்த்தவர்களில் இரண்டு பேர் விலையும் விசாரித்தார்கள். மேலே கூரை, கூரைக்கு மேலே அவர்.

ஐந்தாம் நாள் மச்சான் கல்லாவில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். “எங்கப்பன் மூஞ்சிக்குப் பக்கத்துல ‘இரண்டு வாங்கினால் தலையணை இலவசம்’னு போட்டிருக்கே மாப்ள. அத எடுத்துருங்க.” எடுக்கிறேன் என்றேன். அவர் மூக்கைச் சிந்திவிட்டு திரையில் இருந்த எண்ணைப் பார்த்தார். பிறகு மெல்லிய குரலில் கேட்டார்.

“இதுல எத்தன பேரு மெத்தையப் பாத்திருப்பாங்க?”

கேட்ட உடனே வாயைப் பொத்திக்கொண்டார். நான் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். உறவு என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். தலையணையையும் எடுக்கவில்லை.

தினமும் கடை திறக்கிறதுக்கு முன்னால் மேலே போய்ப் பார்த்தேன். ரொட்டி, வாழைப்பழம், இரண்டு பாட்டில் தண்ணீர். அடுக்கியிருந்த மெத்தைகளின் மேல் உட்கார்ந்திருப்பார், ஜன்னல் ஓர இருக்கை மாதிரி. ஸ்பாஞ்சுக்கு நடுவில் சூடு அதிகம். வெயில் ஏறினால் சுவாசிக்கக் கொஞ்சம் சிரமப்படுவார். “வண்டி ஏன் நிக்குது?” என்று கேட்பார். “சிக்னல் மாமா” என்பேன். அவருக்கு அது போதும்.

உண்மையைச் சொன்னால், பயந்தது நான்தான். இணையதளத்தில் தகவல்கள் வரத் தொடங்கின. சந்தையில் பார்த்தேன் என்று ஒருவர், ஆஸ்பத்திரி வாசலில் என்று ஒருவர், ஒரே நேரத்தில் மூன்று தெருக்களில். அதை எல்லாம் நான் பொருட்படுத்தவில்லை. ஆறாம் நாள் ஒரு பெண் எழுதியிருந்தார்: ‘பேருந்தில் பார்த்தேன். உள்ள போம்மா, நடுவுல இடம் இருக்கு என்றார்.’ மாமனார் கண்டக்டர் என்று அறிவிப்பில் நான் போடவே இல்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, மாடிப்படி ஏறிப் பூட்டைத் திறந்து பார்த்தேன். அங்கேயே இருந்தார். என்னைப் பார்த்து எழுந்து நின்றார்.

இறங்கி வந்தபோது படிக்கட்டின் கீழே தேடுகிறவர்கள் பத்துப் பேர் நின்றார்கள். “மேல என்ன சார்?” என்றார் ஒருவர். “ஸ்டாக்கு” என்றேன்.

அதற்குப் பிறகு என்னால் மேலே போக முடியவில்லை. இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். விடியலில் இருந்து கடை வாசலில் ஆட்கள். ராத்திரியிலும் முறை வைத்து உட்கார்ந்திருந்தார்கள், அவர் திரும்பி வந்தால் பார்ப்பதற்கு. கையில் ரொட்டியோடு நான் படியேறினால் என்ன நினைப்பார்கள்? அவ்வளவு பேர் அவரைத் தேடாமல் இருந்திருந்தால் நான் அவருக்குத் தண்ணீர் கொடுத்திருப்பேன்.

இன்றைக்கு ஒன்பதாம் நாள். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

ஏழாம் நாள் தட்டும் சத்தம் கேட்டது. ஸ்பாஞ்சு சத்தத்தை விழுங்கிவிடும். ஆனால் அந்த அறையிலிருந்து ஒரு இரும்புக் குழாய் இறங்கி, கல்லாவுக்குப் பின்னால் வருகிறது. அதில் ஒரு தட்டு. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. மச்சான் நிமிர்ந்து பார்த்தார். “என்ன மாப்ள சத்தம்?” தண்ணீர்க் குழாய் என்றேன். கண்டக்டர்கள் பேருந்தின் பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டினால் ‘நிறுத்து’ என்று அர்த்தம், உங்களுக்குத் தெரிந்திருக்கும். அன்று முழுக்க ஒவ்வொரு தட்டாகத்தான் வந்தது. நான் பாட்டு கொஞ்சம் சத்தமாக வைத்தேன்.

நேற்று மத்தியானம் சேர்ந்தாற்போல் இரண்டு தட்டு கேட்டது. இரண்டு என்றால் ‘போகலாம்’. அவருக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அதற்கப்புறம் தட்டவில்லை.

இந்தத் தாளை ஏன் என் முன்னால் நகர்த்துகிறீர்கள் என்று தெரிகிறது. ‘காணவில்லை’ பக்கம், படம் சேர்ப்பதற்கு முன்பே, காலை ஒன்பது மணிக்கு வெளியாகியிருக்கிறது. வீட்டில் அவரைக் காணோம் என்று மனைவி அலறியது பத்தரைக்கு. இதை வைத்துத்தானே என்னைக் கூப்பிட்டீர்கள்? வகுப்பில் நானே சொல்வதுதான்: ஒன்பது மணிக்குப் போடுங்கள், வேலைக்குப் போகிறவர்கள் போனைப் பார்க்கிற நேரம். முந்தின நாளே எழுதி, மணி குறித்துவிட்டால் அது தானாகப் போய்விடும். மனைவி அன்றைக்கென்று அசந்து தூங்குவாள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஆமாம், முந்தின நாளே எழுதினேன். கதவு திறந்திருந்தது என்று சொன்னேன், யார் திறந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. நான்தான் திறந்தேன். செருப்பையும் நானே எடுத்து வைத்தேன், வெறுங்காலோடு போகக் கூடாது என்று. இதில் அக்கறை இருக்கிறதா இல்லையா என்று நீங்களே சொல்லுங்கள். அந்த வீட்டில் ஐந்து வருடமாக அவரை யாரும் ஒரு பேச்சுக்குக்கூட ‘எங்கே’ என்று கேட்டதில்லை. இன்று ஊர் முழுக்கக் கேட்கிறது. அதைச் செய்து கொடுத்தவன் நான்.

உங்கள் மேஜையில் போன் அடிக்கிறது. எடுங்கள், அவர்கள்தான்.

பேசி முடித்ததும் ஒரு வார்த்தை மட்டும் எனக்குச் சொல்லுங்கள். இரண்டு அறிவிப்புகள் எழுதித் தயாராக வைத்திருக்கிறேன், ஒன்று ‘கிடைத்துவிட்டார்’, இன்னொன்று ‘கண்ணீர் அஞ்சலி’. எது என்று தெரிந்தால் ஒன்பது மணிக்குப் போட்டுவிடலாம். அஞ்சலியில் தலையணைச் சலுகையை எடுத்துவிட்டேன், மேடம். அடுத்தவர் துக்கத்தில் ஆதாயம் பார்க்கிற புத்தி எனக்குக் கிடையாது.