ஞாயித்துக்கெழம அஞ்சு மணி வரைக்கும்

— பாப்பாவ ஒரு பகலு உங்கூட வெச்சுக்கறதுக்கு பட்டுப்பாவாடை எதுக்குய்யா கேக்குற?

— தெ பாரு அருணா, எம்பொண்ணுக்கு பட்டு கட்டிப் பாக்கணும்னு ஆச.

— எட்டு வருசம் உங்கூட குடும்பம் பண்ணவ நான். பொய் சொல்லும்போது செருப்பப் பாத்துதான் பேசுவ, பிரகாசு.

— சரி, சொல்லிர்றேன். நாளைக்கு மலைமேல நெல்லிவாசல்ல எங்க சாமிக்குப் பொங்கல். பாப்பாவுக்கு காது குத்தறோம். புதங்கெழம கொணாந்து வுடறேன்.

— இன்னைக்கு அஞ்சு மணிக்கு, இதே கண்ணமங்கலம் பஸ் ஸ்டாண்டுல. கோர்ட்டு ஆர்டர்ல அதான் கீது.

— அது டெம்பரவரி ஆர்டருதானே!

— சும்மாங்காட்டியும் குடுத்த பேப்பர்னு யாரு சொன்னா?

— எங்க ஊர்க்கவுண்டரு. தெ பாரு, மலையில தீர்ப்புன்னா ஒரே தபாதான். துரும்பக் கிள்ளிப் போட்டு நம்ம கல்யாணத்த தீத்து வுட்டாரு, புள்ள தகப்பனுக்குன்னாரு, முடிஞ்சிது. உங்க ஜட்ஜி இடைக்காலம்னு எழுதிக்கீறார்னா, அவரு இன்னும் முடிவே பண்ணலன்னுதானே?

— மெதுவா பேசு, பாப்பா பாக்குது. நானும் மொதல்ல உன்னாட்டம்தான் நெனச்சேன். எனக்கு வாதாடற டெல்சி வக்கீலம்மா உக்கார வெச்சு சொன்னாங்க. கேஸ் முடிய வருசம் ஆவும். அதுவரைக்கும் புள்ளய நீ ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் இழுக்கக் கூடாதுன்னுதான் இந்த ஆர்டரு. பெரிய தீர்ப்பு வர்ற வரைக்கும் இதான் தீர்ப்பு.

— மீறுனா? புடிச்சு உள்ள போட்டுருவாங்களா?

— நான் போய் சொன்னேன்னா உன் ஞாயித்துக்கெழமைய கொறைப்பாங்க. கோர்ட்டுலயே வந்து, ஆளு காவல் இருக்க, ஒரு மணி நேரம் பாத்துட்டுப் போன்னு சொன்னாலும் சொல்லுவாங்க.

— ஒரு மணி நேரமா?

— உம்மேல எனக்கு கோவம் ஆறல, ஆறாது. ஆனா அவ வாரம் பூரா உன்னத்தான்யா எதிர்பாத்துக்கினு கீறா. அந்த ஒரு நாள நீயே கெடுத்துக்காத.

— சொந்தக்காரங்க பூரா வந்துட்டாங்க அருணா. ஆடு கட்டிக்கீது. எம்மூஞ்சிய எங்க வெச்சுக்கறது?

— காது குத்து, மூணு நாள் வேணும்னு மனு போட்டிருந்தா குடுத்திருப்பாங்க. இடைக்காலம்னா கேட்டு மாத்தலாம்னுதான்யா அர்த்தம், மீறலாம்னு இல்ல. கிள்ளின துரும்ப உங்க ஊர்க்கவுண்டரு திருப்பி ஒட்டுவாரா?

— எனக்கு யாரு இதெல்லாம் சொன்னாங்க? இன்னைக்கு கோர்ட்டும் லீவு... சரி. காது குத்து இல்லன்னு அக்காவுக்கு போன் போட்டு சொல்லிர்றேன். பாப்பாவ கூப்புடு. அஞ்சு மணிக்கு இங்க இருப்பேன்.

— நெசமாவா?

— உன் மூஞ்சப் பாத்துதானே சொல்றேன்.

— அப்ப இந்தா, இதப் புடி. உங்கக்கா போன வாரமே எனக்கு சொல்லிட்டாங்க. நீ மனு போடுவன்னு பாத்தேன், போடல. வெள்ளிக்கெழம நானே போட்டேன், உன் வக்கீலும் சரின்னாரு, புதங்கெழம அஞ்சு மணி வரைக்கும்னு ஆர்டர் ஆயிடுச்சு. நீ என்ன பண்றன்னு பாக்கலாம்னு நாந்தான் அவர உங்கிட்ட சொல்ல வேணாம்னேன். சீக்கிரம் போய் மலைக்குப் போற ஜீப்புல ஏறு, எங்கண்ணன் ரமேசு காலைலருந்தே முன்சீட்டுல குந்திக்கினு கீறாரு. தாய்மாமன் மடி இல்லாம எப்பிடிய்யா காது குத்தறதா இருந்த?