கோடிப்பக்கத்துக் கமரா

இல்லைத் தம்பி, ஏணியை உதிலை வையாதையும். உது கிணத்துத் தண்ணி ஓடி இளகின மண், ஒரு காலை விழுங்கிப்போடும். இஞ்சாலை, சீமெந்திலை வையும். ஓம். முன்னுக்குப் பூட்டினது அருமையா இருக்குது. கேற் தெரியுது, பாண்காரன்ரை ஓட்டோ தெரியுது, முன்வீட்டு நாய் தெரியுது. அந்த நாய்க்கு ஒரு காது பாதிதான் இருக்கு எண்டு எனக்கு இண்டைக்குத்தான் தெரியும். அதைப் பற்றி எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. வீட்டுக்குப் பின்னுக்கு, இந்தக் கோடிப்பக்கத்துக் கமராவைப் பற்றித்தான் உம்மோடை கதைக்கோணும்.

ஓமோம், தெரியும். மகள் ஜெனிற்றா வட்சப்பிலை படம் கீறி அனுப்பியிருப்பாள், எந்தச் சுவரிலை எது எண்டு. உம்மை வரச் சொன்னவள் அவள், நீர் அவளின்ரை சொல்லைத்தான் கேக்கோணும். நான் மறிக்கேல்லை. பூட்டும். பூட்டிப்போட்டு முகத்தை மட்டும் கொஞ்சம் இஞ்சாலை, அந்த முருங்கைப் பக்கமாத் திருப்பிவிடும். வேலியைப் பாக்க வேண்டாம். அவ்வளவுதான்.

அம்மாவோ? என்ரை மனுசி சீலா உள்ளை படுத்திருக்கிறா. பின்னேரத்திலை கொஞ்சம் கண்ணயர்வா. நீர் சுவரைத் துளையும், பரவாயில்லை, அவவுக்குக் கேக்காது.

ஏன் திருப்பச் சொல்லுறன் எண்டால், உமக்கு ஒளிச்சு என்ன, அவவுக்கு மறதி. சாவியை எங்கை வைச்சது எண்ட மறதி இல்லை, சாவி எண்டால் என்ன எண்ட மறதி. பங்குனியிலை ஒருநாள் தனியக் காங்கேசன்துறை றோட்டுக்குப் போட்டா. வீட்டு உடுப்போடை, செருப்பில்லாமல், நடு றோட்டிலை. பஸ் பிறேக் அடிச்சு நிண்டது. ஒரு புண்ணியவான் இறங்கினான். கையைப் பிடிச்சுக் கரைக்குக் கொண்டுவர முதல் படம் எடுத்து முகநூலிலை போட்டான், இந்த அம்மாவை ஆருக்கும் தெரியுமோ எண்டு. உடுவிலிலை இருக்கிற எனக்கு முன்னம் ரொறொன்ரோவிலை இருக்கிற மகளுக்குத் தெரிஞ்சிட்டுது. அண்டைக்கே சொல்லிப்போட்டாள்: அப்பா, இனி ஒருக்கா அம்மா தனிய வெளிக்கிட்டதை நான் கண்டனெண்டால் ரிக்கற் போட்டு வந்து இல்லத்திலை சேர்த்துப்போட்டுத்தான் திரும்புவன் எண்டு. வயதுபோன பெண்களுக்கான இல்லம். நல்ல இடமாம். பூக்கண்டு எல்லாம் வைச்சிருக்கினமாம். என்னைச் சேர்க்கமாட்டினம். ஞாயிற்றுக்கிழமையளிலை ஆராதனை முடியப் போய்ப் பாக்கலாமாம். கட்டின பெண்சாதியைப் பாக்கிறதுக்கு எனக்குப் பள்ளிக்கூடம் மாதிரி ஒரு நேரசூசி.

ஆனபடியால் உந்தக் கமராவிலை சீலா வேலியடியிலை நிண்டாலும் ஜெனிற்றாவுக்கு அது வெளியிலை போனதுதான். விளங்குதே? முருங்கை எண்டால் பிரச்சினை இல்லை. முருங்கை எங்கையும் போகாது.

பயமில்லையோ எண்டு கேக்கிறீர். நியாயமான கேள்வி. தேத்தண்ணியை எடும், ஆறப்போகுது. உமக்குப் பிள்ளையள்? ஒரு மகளோ. எட்டு வயசு. நல்லது. ஸ்கூல் வானிலை ஏறினால் போனுக்குச் செய்தி வரும், ரியூசன் கிளாசிலை கமரா, வீட்டிலையும் நீரே பூட்டியிருப்பீர். பூட்டியிருக்கிறீரோ? உந்த ஏணியிலை நிண்டுகொண்டே அவ என்ன சாப்பிடுறா எண்டு பாக்கலாம். பாரும், நான் குறை சொல்லேல்லை. கண்காணிப்பு எண்ட சொல்லை மட்டும் ஒருக்கா யோசியும். கண் ஒண்டு, காணுறது ஒண்டு, ஒரே வேலைக்கு ரெண்டு பேர். தேயிலைத் தோட்டத்திலை கங்காணி எண்டு அதுக்குச் சம்பளமும் குடுத்தவங்கள். நாங்கள் சின்னனா இருக்கேக்கை உடுவிலிலை அந்த உத்தியோகத்துக்கு ஆள் எடுக்கேல்லை. நாங்கள் வேதக்காரர், கிறிஸ்தவ ஆக்கள் தானே. மேலையிருந்து ஒருத்தர் பாத்துக்கொண்டிருக்கிறார், அவருக்குக் கரண்டும் தேவையில்லை, நித்திரையும் இல்லை எண்டு தாய்தகப்பன் எங்களை அவிட்டு விட்டிட்டினம். அவரும் மற்றப் பக்கம் பாத்துக்கொண்டுதான் இருந்திருக்கோணும். இல்லாட்டி நாங்கள் செய்ததுகளுக்கு விட்டுவைச்சிருக்கமாட்டார்.

நாங்கள் எண்டால் நானும் சீலாவும். ஓம், இவவேதான். இது அவ பிறந்த வீடு. நான் பிறந்தது உந்த வேலிக்கு அங்காலை தெரியிற ஓட்டு வீட்டிலை. அவவுக்கு என்னிலும் பாக்க ஒரு வயசு குறைவு, துணிவு ரெண்டு மடங்கு. துலா கண்டிருக்கிறீரோ? தோட்டக் கிணத்திலை தண்ணி இறைக்கிற பெரிய மரம், கீழை ஒரு ஆள் தண்ணி அள்ளுற பட்டையைப் பிடிக்க, மேலை ஒரு ஆள் முன்னுக்கும் பின்னுக்கும் நடந்து மிதிக்கிறது. பெரிய ஆம்பிளையளே பாத்துக் கால் வைப்பினம். அதிலை மேலை நடந்தது சீலா. கீழை நிண்டு அழுதது நான்.

ஒருக்கா நீர்வேலிக்குப் போனம். நடந்துதான். என்னத்துக்கு எண்டால் வாழைக்காய் பழமாகிறதைக் கண்ணாலை பாக்கோணும் எண்டு சீலா சொன்னவ. பச்சை எந்த இடத்திலை முடிஞ்சு மஞ்சள் எந்த இடத்திலை தொடங்குது எண்டு. விஞ்ஞானம். அங்கை குலையளைக் கிடங்கிலை அடுக்கி, மேலை மூடி, புகையடிச்சுப் பழுக்கப் போடுறவை. நாங்கள் ஆரும் காணாமல் இறங்கிக் குலையளுக்கு நடுவிலை குந்திக்கொண்டு இருந்தம். நல்ல குளிர்ச்சி. ரெண்டு பேரும் நித்திரையாப் போட்டம். முழிக்கேக்கை மேலை தென்னோலைக் கிடுகு வைச்சு மண் போடுறாங்கள். எனக்கு வாய் திறக்கேல்லை. சீலாதான் கத்தினா. என்னெண்டு கத்தினா சொல்லும் பாப்பம். காப்பாத்துங்கோ எண்டோ? இல்லை. ஐயா, இன்னும் பழுக்கேல்லை எண்டு.

சிரியும், சிரியும். ஏணியைப் பிடிச்சுக்கொண்டு சிரியும். ஆழ்வாப்பிள்ளை எண்ட மனுசன்தான் கிடுகைத் தூக்கினது. முகம் வெளிறிப் போச்சு அந்தாளுக்கு. அடிக்கேல்லை. ஆரின்ரை பிள்ளையள் எண்டு மட்டும் கேட்டார். அந்தக் காலத்திலை பெரியாக்களுக்கு எங்களிட்டைக் கேக்க அந்த ஒரு கேள்விதான் இருந்தது, அதுக்கு விடை தெரிஞ்சால் போகலாம். ஆளுக்கொரு பழம் தந்து அனுப்பிவிட்டார். வீட்டை வரேக்கை பொழுது பட்டிட்டுது. என்ரை அம்மா என்ன கேட்டா எண்டு நினைக்கிறீர்? கால் கழுவினியோ எண்டு கேட்டா. ஜெபத்துக்கு முழங்காலிலை நிக்கேக்கை குதிக்காலிலை மண் இருக்கக்கூடாது. வீட்டிலை இருந்த சட்டம் அது ஒண்டுதான். உயிரோடை புதைபடக் கூடாது எண்டு சட்டத்திலை ஒரு இடத்திலையும் இல்லை.

பொற்காலம் எண்டு மட்டும் சொல்லாதையும். எல்லாரும் சொல்லுகினம், எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் காது கூசும். எங்களோடை படிச்ச குணலட்சுமியும் எங்களைப் போலைதான் திரிஞ்சது. சுத்துக்கட்டில்லாத கிணத்திலை விழுந்து செத்தது. அதின்ரை தாயும் கால் கழுவினியோ எண்டு கேக்கத்தான் பாத்துக்கொண்டு இருந்திருக்கும். அதுக்கு மற்ற நாளே நாங்கள் வழமை போலை விளையாடினனாங்கள். ஒருத்தரும் எங்களை மறிக்கேல்லை. அது நல்லதோ கெட்டதோ எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியேல்லை.

ஜெனிற்றாவிலையும் பிழை இல்லைப் பாரும். அவள் வளர்ந்த காலம் வேறை. சண்டைக் காலம், செல்லடி, ஆமிக்காரன்ரை சுத்திவளைப்பு. பள்ளிக்கூடத்தாலை வரக் கொஞ்சம் சுணங்கினால் சீலா ஒழுங்கை முகப்பிலை போய் நிப்பா, நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு சுன்னாகம் மட்டும் போவன். துலாவிலை நடந்த மனுசி, மகளைப் படலை தாண்ட விடேல்லை. அப்ப நாங்கள் ரெண்டு பேரும்தான் அவளுக்குக் கமரா. அந்தப் பிள்ளைக்குத் தெரிஞ்ச பாசம் அந்த ஒரு மாதிரிதான். அதைத்தான் இப்ப வயரும் பெட்டியுமா எங்களுக்குத் திருப்பி அனுப்புறாள்.

என்னது? ஆருக்கும் தெரியாமல் எப்பிடி அவ்வளவு தூரம் போனனீங்கள் எண்டோ? றோட்டாலை போனால்தானே தெரியும். நாங்கள் பொட்டாலை போனது. ஓம், அதே பொட்டுத்தான். ஜெனிற்றா போனிலை பொட்டுப் பக்கம் ஒரு கமரா பூட்டுங்கோ எண்டு சொன்னதை வைச்சுக்கொண்டு, வந்து இறங்கினதும் என்னட்டை, ஐயா, சாமியறை எந்தப் பக்கம் எண்டு கேட்டீரே. வேதக்காரன் வீட்டிலை சாமியறை! பொட்டு எண்டால் வேலியிலை ஆள் நுழையிறதுக்கு விடுற ஓட்டை, தம்பி. உம்மடை சாவகச்சேரியிலும் இருந்திருக்கும், இப்ப மதில் வந்து எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுது. எங்கடை பக்கத்திலை ஒரு பகிடி சொல்லுவினம், சைவக்காரருக்கு நெத்தியிலை பொட்டு, வேதக்காரருக்கு வேலியிலை பொட்டு எண்டு. ஒரு வளவிலையிருந்து அடுத்த வளவு, அதிலையிருந்து அங்காலை எண்டு, றோட்டை மிதியாமல் பாதி ஊரைச் சுத்தலாம்.

நான் கலியாணம் கட்டினதும் அப்பிடித்தான். இந்த வீடு சீலாவுக்குச் சீதனம், ஆகவே மாப்பிள்ளைதான் வரோணும். சேர்ச்சிலையிருந்து சோடிச்ச காரிலை ஊரைச் சுத்தி வந்து முன் கேற்றாலை மரியாதையா இறங்கினன். கொஞ்ச நேரத்தாலை கோட்டுக்குள்ளை அவிச்சுக் கொட்டுது எண்டு, வேறை சேர்ட் எடுக்கப் பொட்டாலை அங்காலை போட்டு வந்தன். என்ரை புலம்பெயர்வு அவ்வளவுதான். தங்கச்சி சிட்னி, மகள் ரொறொன்ரோ, நான் பொட்டு. தங்கச்சிக்குத்தான் நான் பிறந்த உந்த ஓட்டு வீட்டைக் குடுத்தது. இப்ப ஒருத்தரும் இல்லை, பூட்டிக் கிடக்குது.

படம் வந்திட்டுதோ? கொண்டாரும் பாப்பம். பொறும், கண்ணாடியைப் போடுறன். ஓ. நல்ல தெளிவு. கிளுவை வேலி தெரியுது, தகரம் தெரியுது, அதுக்கு அங்காலை அந்த ஓட்டு வீட்டு முத்தம் கூடத் தெரியுது.

ஓம். அது சீலாதான்.

படுத்திருக்கிறா எண்டு சொன்னது நான்தான். இலக்கணத்திலை இடக்கரடக்கல் எண்டு ஒண்டு இருக்குது, சொல்லக்கூடாததை வேறை மாதிரிச் சொல்லுறது. இது அது இல்லை. இது பொய்.

ஓடாதையும். இரும். ஒவ்வொரு பின்னேரமும் போறவ, பொழுது பட முன்னம் வந்திடுவா. உந்த வளவின்ரை மற்றப் பக்கங்கள் எல்லாம் மதில். றோட்டுக் கேற்றுக்கு நான்தான் சங்கிலி போட்டிருக்கிறன். அங்கை இருக்கிற கிணத்தைக் கம்பி வலை அடிச்சு மூடினதும் நான்தான். இஞ்சை இந்தக் கதிரையிலை இருந்தால் அவவின்ரை குரல் கேக்கும். இந்தப் படம் இன்னும் ஜெனிற்றாவின்ரை போனுக்குப் போகேல்லைத்தானே? நல்லது. அங்கை இப்ப அவள் நித்திரை.

பிறகெப்பிடிப் பங்குனியிலை பஸ்ஸுக்கு முன்னாலை போனவ எண்டோ? அதை நீர்தான் கேட்டனீர், ஜெனிற்றா கேக்கேல்லை. அதுக்குக் கொஞ்சம் முன்னம் அவள் ஆள் விட்டு உந்தப் பொட்டைத் தகரத்தாலை அடைப்பிச்சவள், அம்மாவின்ரை பாதுகாப்புக்கெண்டு. சீலா கொஞ்ச நாள் தகரத்தைத் தட்டித் தட்டிப் பாத்தா. திறபடேல்லை. பிறகு, வேலியாலை போகேலாட்டி றோட்டாலை சுத்திப் போவம் எண்டு வெளிக்கிட்டா. மறதிக்காரிக்கு அந்தளவு கணக்கு ஓடியிருக்குது. அண்டைக்குப் பின்னேரம் நான் ஆணி பிடுங்குற குறட்டை எடுத்துக்கொண்டு போய்த் தகரத்தின்ரை ஆணியளைக் கழட்டினன். இப்ப அது சும்மா சாத்திக் கிடக்குது.

அம்மா போகப் பாத்தது உந்தப் பூட்டின வீட்டுக்குத்தான் எண்டு மகளுக்குச் சொன்னனான். அப்பா, ஆள் இல்லாத வீட்டிலை அம்மாவுக்கு என்ன இருக்குது எண்டு கேட்டாள். லைன் கிளியர் இல்லை எண்டு வைச்சிட்டன்.

அங்கை என்னத்துக்குப் போறா எண்டோ? ஒரு ஆளைத் தேடித்தான். நதானியேல் எண்டு ஒரு பெடியன். ஓம், கேற்றிலை எழுதியிருக்கிற நதானியேல்தான், நான்தான். அவன் உந்த வீட்டிலை இருக்கிறான், விளையாட வருவான் எண்டு போறா. இஞ்சை இருக்கிற என்னை அவவுக்குத் தெரியாது. படிப்பிச்ச வாத்தியாரைப் போலை மாஸ்டர் எண்டு கூப்பிடுவா. நல்ல மரியாதை. தேத்தண்ணி குடிச்சு முடிய, நான் வாறன் மாஸ்டர், நதன் பாத்துக்கொண்டு நிப்பான் எண்டு சொல்லிப்போட்டுத்தான் இறங்குவா. ஒருக்கா நானும் குனிஞ்சு பின்னாலை போய் முத்தத்திலை நிண்டன், நான்தான் எண்டு சொல்லிப் பாப்பம் எண்டு. அவ வாயிலை விரலை வைச்சு, மாஸ்டர், சத்தம் போடாதையுங்கோ, அவன் ஒளிச்சு நிக்கிறான் எண்டா. நான் திரும்பி வந்து பேப்பர் வாசிச்சன்.

கையைத் துடைச்சிட்டு உதைத் திருப்பும், தம்பி. இன்னும் கொஞ்சம். மேலை, முருங்கைக் கொப்பு முழுக்கத் தெரியட்டும், ஜெனிற்றாவுக்கு முருங்கைக்காயிலை விருப்பம். ஓம். காணும்.