கதவுக்கு அடியில் துண்டு

அந்தத் துண்டை முதலில் எடுங்கள். கதவுக்கு அடியில் சுருட்டிச் செருகியிருக்கிறீர்களே, அதைத்தான். பூச்சி வந்தால் வரட்டும். பூச்சிக்கே பயந்து நடுங்குகிறவர்கள் பேய்க் கதை கேட்க வந்துவிட்டீர்களாக்கும்! எடுத்தாயிற்றா? ம்... இப்போது விளக்கை அணையுங்கள்.

மதியம் இரண்டரை மணி... சிரிக்காதீர்கள். நள்ளிரவில்தான் வர வேண்டும் என்று பேயிடம் யார் எழுதி வாங்கியது? மதியம் இரண்டரை. ஊருக்கு வெளியே புதிதாக வீடுகள் எழும்புகிற சாலை. பாதி வீடுகளில் ஆளே இல்லை. தார் இளகி டயரில் ஒட்டிப் பிரிகிற சத்தம் மட்டும்... சர்ர்... சர்ர்... ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தவர் என்னோடு வேலை செய்கிற நண்பனின் அத்தான். ஏசி மெக்கானிக். வெள்ளி நிற டேப் சுருளை எப்போதும் மணிக்கட்டில் மாட்டியிருப்பார். அதனால் கூட்டாளிகள் வைத்த பெயர் வளையல். நான் அத்தான் என்றே சொல்கிறேன், பாவம்.

அத்தானுக்கு ஒரு கர்வம் உண்டு. அவர் கை வைத்த வீட்டிலிருந்து அதே வேலைக்கு இரண்டாவது தடவை கூப்பிட மாட்டார்கள். அன்று கூப்பிட்டிருந்தார்கள். நான்கு மாதத்துக்கு முன் வேலை செய்த வீடு.

அந்த முதல் தடவை நடந்ததைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

வீடு முழுவதற்கும் ஒரே மெஷின். கூரைக்கு மேலே குழாய்கள். ஒவ்வோர் அறையிலும் இரண்டு துளை. ஒன்றில் குளிர்காற்று வரும். சுவரில் உயரமாகக் கம்பிச் சட்டம் போட்ட இன்னொன்று அறைக் காற்றைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். இழுத்தால்தான் புதுக் காற்று உள்ளே வரும். நிரம்பிய குடத்தில் மேலும் தண்ணீர் ஊற்ற முடியாதில்லையா, அவ்வளவுதான் விஷயம். ஆனால் இழுக்கிற காற்றோடு அறையின் வாடையும் போகும். போய், வீடு பூராவும் சுற்றும்.

கடைசி அறையில் வீட்டுக்காரரின் அப்பா இருந்தார். வயதானவர். மருந்து வாடை, மூட்டுவலிக் களிம்பு, சில இரவுகளில் நனைந்துவிடும் படுக்கை. மகன் கெட்டவர் இல்லை. ஆனால் அத்தானைச் சமையலறைக்குக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"அப்பா ரூம் வாடை எல்லா ரூமுக்கும் வருதுங்க. யாராச்சும் வீட்டுக்கு வந்தா தலை நிமிர முடியல. அவருக்குத் தெரியாம அந்த இழுக்கிற ஓட்டையை மட்டும் அடைச்சிடுங்களேன்."

அடைத்தால் அந்த அறைக்குக் காற்று ஒழுங்காக வராது. அத்தானுக்கு இது தெரியும். முகத்தை முறித்துப் பேச மனமில்லாமல் தலையாட்டினார். தெர்மாகோலை அளவாக வெட்டி எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார். வீட்டில் ஒரு பழைய ஸ்டூல். ஏறினால் டக்... டக்... என்று ஆடியது. பெரியவர் கட்டிலிலிருந்து மெல்ல எழுந்து வந்தார். நடுங்குகிற இரண்டு கைகளாலும் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்து தம்பி. ஒரு கால் குட்டை. நான் புடிச்சுக்கிறேன், நீங்க வேலையைப் பாருங்க."

நினைத்துப் பாருங்கள். மேலே நிற்கிறவர் அவருடைய அறையை அடைத்துக்கொண்டிருக்கிறார். அவர் விழுந்துவிடக் கூடாதே என்று இவர் கீழே பிடித்துக்கொண்டு நிற்கிறார். அத்தான் சட்டத்துக்குப் பின்னால் தெர்மாகோலைச் செருகி, நாலு பக்கமும் டேப்பை ஒட்டினார். முடிக்கும்வரை கீழே பார்க்கவில்லை.

"இனிமே காத்து நல்லா வருமா தம்பி?"

"வரும்யா. சரி பண்ணிட்டேன்."

"நல்லா இருப்பீங்க."

அதோடு போய்த் தொலைந்திருக்கலாம். வாசலில் செருப்பை மாட்டும்போது, யாரும் கேட்காமலே, தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டிக்கொள்ள, மகனிடம் ஒன்று சொன்னார். "கதவுக்கு அடியில சந்து இருக்கில்ல, வாடை அது வழியாவும் வரும். துண்டைச் சுருட்டி வெச்சிடுங்க."

என் நண்பனிடம் இதையெல்லாம் சொன்னபோது, இந்த இடம் வந்ததும் அத்தான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாராம். அடைக்கச் சொன்னது அவர்கள். துண்டு இவருடைய யோசனை.

சரி... மதியம் இரண்டரைக்கு வருவோம். மகன் கதவைத் திறந்தார். மெஷின் ஓடியும் வீடு முழுக்கப் புழுக்கம். கடைசி அறைக் கதவு சாத்தியிருந்தது. அத்தான் பெரியவரைப் பற்றிக் கேட்டார்.

"நீங்க வந்துட்டுப் போன பதினோராம் நாள் போயிட்டாரு," என்றார் மகன். "கதவுகிட்ட, தரையில கெடந்தாரு. வயசாச்சு, இதயம்னு டாக்டர் சொன்னாரு. கதவு பூட்டியிருக்கல. ஒரு சத்தம் குடுத்திருந்தா ஓடி வந்திருப்போம்... குடுக்கல."

மகனே மேலே சொன்னார்.

"அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி உள்ள புழுங்குதுன்னாரு. அப்புறம் அவரே, மெக்கானிக் தம்பிதான் சரி பண்ணிட்டுப் போனாரே, என் உடம்புக்குத்தான் என்னமோன்னு சொல்லிக்கிட்டாரு." மகன் தரையைப் பார்த்தார். "நான் பாக்கும்போது விரல் கதவுக்கு அடியில இருந்துச்சு. அந்தத் துண்டோட நூலு நகத்துல மாட்டியிருந்துச்சு. அந்த ஓட்டையை அடைச்சதுக்கும் இதுக்கும்... ஏதாவது...?"

அத்தான் வாயைத் திறந்தார். உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல இடம் அவருக்குக் கிடைக்கப் போவதில்லை. இரண்டு பேரில் ஒருவராவது சொல்லியிருக்க வேண்டும்.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்க," என்றார்.

மகன் பெருமூச்சு விட்டார். அந்த அடைப்பை எடுத்துவிடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

அத்தான் முதலில் கூடத்துச் சட்டத்தில் மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை வைத்துப் பார்த்தார். இழுவை இருந்தால் காகிதம் ஒட்டிக்கொள்ளும். இங்கே நழுவி விழுந்தது. அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மெஷினை அணைத்தார். வீடு அமைதியானது... கடைசி அறைக்குப் போனார். கட்டில் இல்லை, மெத்தை இல்லை, கழுவித் துடைத்த தரை. அதே ஸ்டூல் மட்டும் மூலையில். அதைப் போட்டு ஏறினார். டக்... டக்...

பழக்கதோஷம். காகிதத்தை எடுத்துச் சட்டத்தில் வைத்தார்.

ஒட்டிக்கொண்டது.

மெஷின் ஓடவில்லை. சட்டத்துக்குப் பின்னால் தெர்மாகோல் அப்படியே இருக்கிறது. காகிதம் ஒட்டியது... விட்டது... ஒட்டியது... நிதானமாக. பிறகு ஒரு தடவை ஒட்டியது, விடவே இல்லை. கம்பி ஒவ்வொன்றின் அச்சும் காகிதத்தில் பதிகிற அளவுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றது... அப்படியே நின்று... மெதுவாகக் கீழே விழுந்தது.

அத்தானின் முழங்கால் வெடவெடவென்று ஆடியது. அப்போதுதான் கவனித்தார். டக் டக் சத்தத்தைக் காணோம். இவர் இவ்வளவு ஆடுகிறார், ஸ்டூல் ஆடவில்லை. கீழேயிருந்து களிம்பு வாடை.

"கீழ பாத்தாரா?" போர்வைக்குள்ளிருந்து கேட்பவருக்குச் சொல்கிறேன். பார்க்கவில்லை. பயந்துதானே என்றுதான் என் நண்பனும் கேட்டான். இல்லை என்றாராம். எந்த முகத்தை வைத்துக்கொண்டு பார்ப்பது என்று கேட்டாராம்.

கை வேலையைச் செய்தது. டேப்பைக் கிழித்தார். தெர்மாகோலை உருவினார். மன்னித்துவிடுங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். வந்தது வேறு.

"சரி பண்ணிட்டேன்யா."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டு குதித்தார். கண்ணைத் திறந்தபோது அறையில் யாருமில்லை. மகனிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. தெர்மாகோலை முதுகுப் பக்கம் மறைத்துக்கொண்டு, திருடன் மாதிரி வெளியே வந்தார்.

வேலையை விடவில்லை. வயிறு இருக்கிறதே. இப்போது சொந்தமாக அலுமினிய ஏணி வைத்திருக்கிறார். மேடு பள்ளமான தரை, உடைந்த ஓடு, மணல்... எங்கே போட்டு ஏறினாலும் அந்த ஏணி ஆடுவதில்லை. ஒரு தடவையாவது ஆடித் தொலையாதா, விழுந்துதான் தொலையக் கூடாதா என்று வேண்டுமென்றே இடுப்பை அசைத்து ஆட்டிப் பார்ப்பாராம். அசையாது. படியில் நிற்கும்போது பாதத்தில் ஒரு சின்ன நடுக்கம் மட்டும் தெரியுமாம்... வயதானவர்கள் எதையாவது கெட்டியாகப் பிடித்தால் கை நடுங்குமே, அந்த அளவுக்கு.