நூற்றைம்பது மீட்டர்

— ரூமுக்குள்ள வெச்சு ஒரு மணி நேரமா பாத்தேன் மாமா. சாட்டிலைட்டத் தேடுது, தேடுதுன்னே காட்டிட்டிருக்கு.

— கூரைக்கடியில எப்படிக் கிடைக்கும் மௌரீன்? அதுக்கு வானம் தெரியணும். அதான் மாடிக்கு வான்னேன். அந்தத் தண்ணி டேங்க் கிட்ட நிக்காதே, இப்படி நடுவுல வா. பேட்டரி புதுசா?

— நேத்து நாலு வாங்கினேன். ரெண்டு இதுக்குப் போட்டேன்.

— மீதி ரெண்டு?

— அது வேற ஒண்ணுக்குப் போயிடுச்சு.

— ஆயித்து, சரி. அசையாம புடி. நாலு வருஷம் அலமாரியில கிடந்த ஜி.பி.எஸ். மெஷினு, கொஞ்சம் நேரம் எடுத்துக்கும். எதுக்கு மா இது இப்ப உனக்கு? போன்லயே மேப் இருக்கு. பெங்களூரு லிங்கராஜபுரத்துல வழி தெரியாமயா போயிடுவே?

— என் வீட்டுக்காரரு ஞாபகமா, உங்க தம்பி ஞாபகமா, வீட்ல இருக்கற ஒரே பொருள் இது.

— லாயிடோட மெஷின் அவன்கூடவே போயிடுச்சு. இது என்னோடது, உன் வீட்ல வெச்சிருந்தேன், அவ்வளவுதான்.

— தெரியும். ரெண்டையும் ஒரே நாள் வாங்கினீங்க. நீங்கதான் ரெண்டையும் செட் பண்ணீங்க. கோலார் தங்கவயல்ல மூடாம விட்ட பழைய சுரங்கக் குழி ஒவ்வொண்ணையும் குறிச்சு, வேலி போடச் சொல்லி மனு குடுக்கணும்னு.

— எல்லாம் அவன் ஆசைதான். மாடு விழுது, நாளைக்கு ஒரு புள்ள விழும்னு தவிச்சான். அப்பா சுரங்க சர்வேயில இருந்தவரு, அவரோட பழைய மேப் ஷீட்டெல்லாம் எங்ககிட்ட இருந்துச்சு. விடு மா. ஆமா, செருப்பெல்லாம் என்ன ஒரே சாம்பல் மண்ணு? இங்க எந்த ரோட்டுல இந்த மண்ணு?

— வழில ஒட்டினது. இருக்கட்டும். அந்த ஞாயித்துக்கிழமை சர்ச்சுல இருந்து வந்து அப்பத்தான் சேலை மாத்தினேன், போன் வந்துச்சு. 'குழியில விழுந்துட்டேன், கால் ஒடஞ்சிடுச்சு. விழறதுக்கு முன்னாடிதான் எடத்தக் குறிச்சேன், மெஷின்ல காட்டற நம்பர எழுதிக்கோ'ன்னாரு. காலண்டர் பின்னாடி எழுதினேன். அப்படியே கட்டாயிடுச்சு.

— எத்தனை தடவை இதையே சொல்வே?

— நம்பர் சரியா எழுதினியான்னு நீங்க எத்தனை தடவை கேட்டீங்க? தேடப் போனவங்க அந்த நம்பர போன்ல போட்டு நேரா போனாங்க. ஒரு குழி இருந்துச்சு, எறங்கிப் பாத்தாங்க, காலி. ரெண்டு நாள். மழை புடிச்சுக்கிச்சு, திரும்பிட்டாங்க. அப்புறம் ஊரு பேச ஆரம்பிச்சுது. போன்ல நாடகமாடிட்டு எவளையோ இழுத்துட்டு ஓடிட்டான்னு.

— ஊரு வாய மூட ஒலமூடி ஏது மா.

— ஊர விடுங்க. அவரு ஓடல, நான்தான் ஒரு நம்பரத் தப்பா எழுதிட்டேன்னு இருந்தேன் நானு. ஏழா, ஒண்ணான்னு. நாலு வருஷமா இந்தக் கையில சாப்பிடவே புடிக்கல மாமா.

— ஆண்டவரே. பழசெல்லாம் எதுக்கு? குடு இப்படி. ரெண்டு பட்டன சேத்து அமுக்கினா எல்லாம் அழிஞ்சிடும். புதுசா செட் பண்ணித் தரேன்.

— வேணாம், என் கையிலயே இருக்கட்டும். செட்டிங்ல இது என்ன? 'மேப் டேட்டம்'னு போட்டு, பக்கத்துல 'இண்டியன்'னு இருக்கு.

— அது நம்ம நாடுன்னு அர்த்தம். அதெல்லாம் தொடாதே.

— எங்க ஆபீஸ்ல சிந்துன்னு ஒரு பொண்ணு, மேப் போடற வேலை பாத்தவ. அவ வேற சொன்னாளே. பழைய சர்வே ஷீட்டுக்கு ஒரு கணக்காம், சாட்டிலைட்டுக்கு இன்னொரு கணக்காம். பழைய கணக்குல நம்பர எடுத்து போன்ல போட்டா, நூத்தம்பது மீட்டர் தள்ளிப் போய் நிக்குமாம்.

— அந்தப் பொண்ணுக்கு என்ன தெரியும்?

— உங்களுக்கு என்ன தெரியும், அதச் சொல்லுங்க. மூஞ்சியத் திருப்பாதீங்க மாமா. என்னைப் பாருங்க.

— அப்பா ஷீட்டோட ஒத்துப்போகணும்னு அப்படி வெச்சேன். மொதல்ல சாட்டிலைட் கணக்குலதான் இருந்துச்சு. ஷீட்டுல போட்ட குழி ஒண்ணும் ஒத்து வரல. எங்கப்பா கோடு தப்பாதுன்னு, மெஷின ஷீட்டுக்கு மாத்தினேன். ரெண்டுத்துலயும். லாயிடுக்குத் தெரியவே தெரியாது. போன்ல சொல்லும்போது அந்த நம்பர்தான் ஒலகத்துக்கே நம்பர்னு நெனச்சுச் சொல்லியிருக்கான்.

— அப்ப என் கை தப்பில்ல.

— இல்ல மா. நீ எழுதினது அச்சு அசல் சரி.

— எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?

— ரெண்டு மூணு மாசம் கழிச்சு. ஆண்டவர் சத்தியமா.

— ஆண்டவரு பேர இழுக்காதீங்க. மெஷின் நடந்த வழிய ஒரு கோடா வெச்சுக்குதே, இதுல ஒரு கோடு இருக்கு. வெள்ளிக்கிழமை. அவரு விழுந்து அஞ்சாம் நாள். போன மாசம்தான் இதப் பாத்தேன். அவரு உசுரோட இருக்காரு, யாருக்கும் தெரியாம வீட்டுக்கு வந்து அலமாரியத் தொறந்து எடுத்துட்டுப் போயிருக்காருன்னு நெனச்சேன். ஒரு வாரம் கதவத் தாழ் போடல. நாற்காலி நகந்தாக்கூட எழுந்து பாத்தேன். அப்புறம்தான் சாவி ஞாபகம் வந்துச்சு. எங்க வீட்டுச் சாவி மூணு. அவருது ஒண்ணு, எனது ஒண்ணு.

— மௌரீன், கேளு...

— ரோட்டுல இருந்து முள்ளுக்காட்டுக்குள்ள போகுது அந்தக் கோடு. மூணு மணிக்கு ஒரு எடத்துல நிக்குது. மூணு நாப்பதுக்குத் திரும்புது. அந்த நாப்பது நிமிஷம் என்ன பண்ணீங்க?

— கூப்பிட்டேன். மெஷின்ல கணக்க மாத்தி வெச்சது வியாழக்கிழமை ராத்திரிதான் எனக்கு ஒறச்சுது. விடிஞ்சதும் நீ போலீசுக்குப் போயிருந்தே, நான் மெஷின எடுத்துட்டு ஓடினேன். அவன் சொன்ன நம்பர அப்படியே இதுல போட்டா இது சரியான எடத்துக்குக் கூட்டிட்டுப் போகும்ல? கூட்டிட்டுப் போச்சு. பொதர் மூடின குழி. லாயிடு, லாயிடுன்னு தொண்ட கிழியக் கத்தினேன். கல்லு போட்டேன். ரொம்ப நேரம் கழிச்சு தண்ணியில விழற சத்தம். பதில் இல்ல. முடிஞ்சுது, போயிட்டான்னு...

— ஆளக் கூட்டிட்டு வந்திருக்கலாமே?

— அம்மா அப்ப இருந்தாங்க. பெரியவன் சின்னவனக் கொன்னுட்டான்னு அவங்ககிட்ட எந்த வாயால சொல்வேன்? பொணத்த எடுத்தா, இத்தனை நாள் ஏன் கிடைக்கலன்னு கேள்வி வரும். ஓடிட்டான்னு ஊரு சொல்லுச்சு. சரி, ஓடினவனாவே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்.

— நான் என் கையெழுத்த நெனச்சு அழுதப்ப?

— பக்கத்துல உக்காந்து காபி குடிச்சேன். அப்படிப்பட்ட பாவி நான். இந்த டேங்க்ல தண்ணி விழற சத்தம் கேட்டாலே எனக்கு அந்தக் கல்லுதான். அதனாலயே மாடிக்கு வர்றதில்ல. ஒண்ணே ஒண்ணுதான் மா எனக்கு ஆறுதல். அவன் ரொம்ப நேரம் கஷ்டப்பட்டிருக்க மாட்டான். விழுந்த அன்னைக்கே போயிருப்பான். அத நம்பித்தான் கண்ண மூடறேன்.

— நேத்து தங்கவயல் போயிருந்தேன் மாமா. இந்தக் கோட்டக் காட்டித்தான் ஆளுங்களக் கூட்டிட்டுப் போனேன். சாயங்காலம் அவர மேல தூக்கினாங்க. தண்ணிக்கு மேல ஒரு கல் திட்டு, அதுல சாஞ்சு உக்காந்திருந்தாரு. உங்ககிட்ட யாரும் சொல்லக் கூடாதுன்னு நான்தான் கேட்டுக்கிட்டேன்.

— ஆண்டவரே... எல்லாம் தெரிஞ்சேவா வந்தே?

— நீங்களா வாயத் தொறக்கறீங்களான்னு பாக்க வந்தேன். ரெயின்கோட்டுப் பைக்குள்ள அவரோட மெஷின் இருந்துச்சு. போலீஸ்காரரு முன்னாடியே துருவச் சொரண்டி, அந்த ரெண்டு பேட்டரியப் போட்டேன். எழுந்துக்கிச்சு.

— நாலு வருஷம் கழிச்சா? என்ன இருந்துச்சு அதுல?

— கடைசியா ஒண்ணு குறிச்சு, ஒவ்வொரு எழுத்தா அமுக்கி அதுக்குப் பேரும் வெச்சிருக்காரு. கத்தறதுக்குத் தெம்பு இருந்திருக்காது, பாவம். வெள்ளிக்கிழமை, மூணு மணி பத்து நிமிஷம். 'அண்ணன் வந்துட்டான்.'